குழாய்க்குள் செல்லும் பொறிகள்

பாம்பன் பாலத்தை நேரில் காணாதவர்களும் அதன் படத்தையேனும் பார்த்திருப்பீர்கள். 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்தப் பழைய பாலத்தின்மீது நான் சிறுவனாக ரயிலில் சென்றேன். வண்டி ஊர்ந்து சென்றமையால், பாலத்தருகே தொங்கு பலகையில் நின்ற சிலர் சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவதும், பழைய வண்ணத்தைச் சுரண்டுவதும் நன்றாகத் தெரிந்தன. "ஏனப்பா தட்டுகிறார்கள்?" என்று என் தந்தையாரை வினவினேன். "உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது, தம்பி. தின்ற இடத்தைத் தட்டினால் ஓசை மாறும்" என்றார்.

அத்தனை பாதுகாப்பும் பெற்ற பாலத்தின் நிலை என்ன? தூக்குப் பகுதி நலிந்தமையால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கண்ணால் காணத்தக்க இரும்புக்கே இக்கதி என்றால், காண முடியாத இரும்பை யார் தட்டிப் பார்ப்பது?

அத்தகைய இரும்பு இராமநாதபுரம் சீமையிலேயே உண்டு. இம்மாவட்டத்தின் நிலத்தடியில் இயற்கை எரிவாயு கிடைக்கிறது. வழுதூர் மின்நிலையம் அதனால் இயங்குகிறது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளமுள்ள எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மண்ணுக்கடியில் கிடக்கும் இத்தகைய குழாய்களின் வெளிப்புறத்தை மேற்பூச்சும் மின்வழிப் பாதுகாப்பும் காக்கின்றன. உட்புறத்தையோ, வாயுவோடு கலந்து வரும் ஈரமே அரிக்கக்கூடும்.

இது வீண் அச்சமன்று. 2014 ஜூன் 27-ஆம் நாள் விடியற்காலையில் ஆந்திர மாநிலம் நகரம் என்னும் ஊரில் எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. உறக்கத்திலிருந்தும் எழாதவர்கள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர் முற்றும் நீக்கப்படாத வாயு ஓடியமையால் குழாய் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது.

குழாயின் உள்ளே ஒரு பொருளை அனுப்பும் வழக்கம் பழையது. எண்ணெய்க் குழாயில் படியும் கசட்டை அகற்ற, குழாயின் அகலத்துக்கு ஏற்ற அடைப்பான் ஒன்றை உள்ளே வைத்து, பின்னாலிருந்து அழுத்தம் கொடுத்துத் தள்ளினார்கள். அது உராய்ந்து போகும்போது பன்றிபோல் கத்தியதால் 'பிக்', அதாவது பன்றி, என்று பெயர் பெற்றது எனக் கூறுவர். 1960-களின் நடுவில் அமெரிக்கப் பொறியியலாளர் இப்பன்றிக்குக் காந்தத்தைக் கட்டினர். வலிய காந்தம் குழாயின் சுவரைக் காந்தமாக்குகிறது. சுவர் முழுமையாக உள்ள இடத்தில் காந்தப்புலம் சுவருக்குள்ளேயே அடங்கும். துருவினால் மெலிந்த இடத்தில் வெளியே கசியும். அக்கசிவை உணரும் கருவிகள் குறித்துக்கொள்கின்றன. சுவரோடு உருளும் சிறு சக்கரம் தூரத்தை அளக்கிறது. எனவே எத்தனையாவது மீட்டரில் தோண்ட வேண்டும் என்று மேலிருந்தே கூறிவிடலாம். என் தந்தையார் சொன்ன சுத்தியலின் வேலையைக் காந்தம் செய்தது!

இக்கருவியை அயல்நாட்டிலிருந்து தருவித்தே வந்த நம் நாட்டில், பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தியன் ஆயில் நிறுவனமும் கூடி, 12 அங்குலக் குழாய்க்கு ஏற்ற பன்றியைத் தாமே உருவாக்கின.

ஆயினும் பன்றி எல்லாக் குழாய்களிலும் செல்லாது. அதை ஏவவும் ஏற்கவும் தனி அறைகள் வேண்டும். தள்ளுவதற்குப் போதிய அழுத்தம் வேண்டும். ஊருக்குள் வளைந்து நெளியும், அகலம் மாறும் குழாய்களில் இவை கிட்டா. ஆகவேதான் தானே நடக்கும் பொறி மனிதன் தேவையெனப்பட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 'எக்ஸ்புளோரர்' என்ற பொறியை ஆக்கினர். பல கணுக்களால் ஆன புழுவைப் போன்றது அது. இரு முனைகளிலும் கண்ணாகக் கேமராக்கள், சுவரை உந்திப் பிடிக்கும் சக்கரங்கள், உள்ளேயே மின்கலம், கம்பியில்லாத் தொடர்பு. 2004-இல் நியூயார்க் மாநிலத்தில், வாயு ஓடிக்கொண்டிருக்கும் குழாய்க்குள்ளேயே அது ஊர்ந்து படம் அனுப்பியது. வீடுகளின் அடுப்பை அணைக்க வேண்டியிருக்கவில்லை. தமிழகத்திலும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய சோலினாஸ் நிறுவனம் தண்ணீர்க் குழாய்களுக்குள் சென்று கசிவைக் காணும் 'எண்டோபாட்' என்ற பொறியைச் செய்துள்ளது.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். பொறி குறையைக் காட்டும், திருத்தாது. அது காட்டியதைப் படித்து, உரிய காலத்தில் மண்ணைத் தோண்டிச் செம்மை செய்யும் மனச்சான்று மனிதனுக்கே வேண்டும்.

பாம்பனுக்கு மேற்கே மண்டபத்தில், 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை, உப்புக் காற்றில் உலோகங்கள் அழியும் முறையை ஆராய்கிறது. இராமேசுவரம் செல்லும் மாணவர்கள் கடலைக் கண்டு மகிழ்வதோடு, அக்கடற்காற்று இரும்புக்கு என்ன செய்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொங்கு பலகையில் நின்று தட்டிய அத்தொழிலாளரின் பொறுமையே இவ்விஞ்ஞானத்தின் முதற்பாடம் என்பது என் கருத்து.