வண்டி மையிலிருந்து என்ஜின் ஆயில் வரை

சென்ற வாரம் ஆலங்குளத்திலிருந்து சிவகாசிக்குப் போயிருந்தேன். ஆயில் கடையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். என் வயதுதான் இருக்கும். "காருக்கு நல்ல கெட்டியான ஆயிலாக் கொடுப்பா" என்றார். கடைப் பையன், "என்ன கார், எந்த வருஷம், பெட்ரோலா டீசலா?" என்று கேட்டான். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆயில் கேட்டா ஜாதகம் கேக்குறியே!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜாதகத்தைப் பார்க்காமல் ஒருமுறை நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆயிலின் கதை.

எண்ணெய் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிதல்ல. இந்தக் கரிசல் காட்டில் மாட்டு வண்டி ஓடிய காலத்தில் இருசுக்கு வண்டி மை போடுவார்கள். வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெயைக் குழைத்துச் செய்வது அது. விருதுநகர் சந்தையில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் எவ்வளவு கிடைத்தாலும் வண்டிக்காரர் விளக்கெண்ணெயைத்தான் தேடுவார். பாரம் ஏறினாலும் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்பது அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

அதே ஆமணக்குதான் மோட்டாருக்கும் போனது. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் ஓர் எண்ணெய் நிறுவனம் தொடங்கினார். 1909-ல் அவர்கள் ஆமணக்கு எண்ணெய் கலந்த மோட்டார் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். அதிலிருந்து வந்த பெயர்தான் காஸ்ட்ரால். முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களில் பிரெஞ்சுக்காரர்களின் நோம் என்ஜின் இருந்தது. பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால் அதிலும் ஆமணக்கு எண்ணெய்தான். என்ஜின் துப்பிய எண்ணெய்ப் புகையை விழுங்கி விமானிகளுக்கு வயிறு கலங்குமாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளியில் 'உய்ல் தெ ரிசேன்' என்று படித்த எண்ணெயை மாதம் ஒருமுறை பாட்டி என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாள். அந்த விமானிகளின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரியும்.

ஆனால் விளக்கெண்ணெய் சூட்டில் பிசினாகப் படியும். அதனால் பூமியிலிருந்து எடுத்த எண்ணெயே மோட்டாரில் நிலைத்தது. எது கெட்டி, எது இளக்கம் என்று சொல்ல ஓர் அளவு வேண்டுமே? அமெரிக்க மோட்டார் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ 1911-ல் அதற்கு ஒரு வகைப்பாடு கொண்டுவந்தது. டின்னில் இன்று நாம் பார்க்கும் எண் அந்த வழியில் வந்ததுதான்.

நம் இளமையில் பங்குகளில் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் பெயர்ப்பலகைகள் இருந்தன. 1972-ல் இந்தியன் ஆயில் தன் சர்வோ ஆயிலைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் மற்ற மூன்றையும் அரசே எடுத்துக்கொண்டது. முன்பு 40 என்று ஒற்றை எண் போட்ட ஆயில் கிடைக்கும். பிறகு 20டபிள்யூ-40 என்று இரட்டை எண் வந்தது. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை முதல் எண் சொல்லும். 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை இரண்டாவது எண் சொல்லும். நம் ஊரில் ஏது குளிர் என்று கேட்பீர்கள். இரவெல்லாம் நின்ற என்ஜினுக்கு நம் காலை நேரமும் குளிர்தான். ஆயில் மேலே ஏறுவதற்குள் இரும்போடு இரும்பு உரசும்.

'கெட்டியே நல்லது' என்று அந்தக் கால மெக்கானிக்குகள் சொன்னதில் பிழையில்லை. அம்பாசடர் என்பது 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்த என்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளம். தேயத் தேய இன்னும் கூடும். கெட்டி ஆயில் அந்தச் சந்தை அடைத்துப் பிடித்தது. இன்றைய என்ஜினில் இடைவெளி நூலிழைதான். ஆயில் ஓடும் துவாரங்களும் சிறியவை. பல புதுக் கார்களுக்கு 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று போடுகிறார்கள். தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று பயந்து 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஆயில் ஏறவும் தாமதமாகும்.

எண்ணுக்கு அடுத்தது எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வகுத்த தரம் அது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. சி என்று தொடங்கினால் டீசலுக்கு. நம் சிமெண்ட் ஆலைக்கு வந்து போகும் லாரிகளுக்கு அந்த வகைதான். பெட்ரோல் ஆயிலில் இரண்டாவது எழுத்து தள்ளிப் போகப் போகப் புதிய தரம். எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல் வந்தது.

இந்த ஓர் எழுத்தில்தான் நான் தவறினேன். 1980-களின் நடுவில் ஓர் அலுவலகத்தில் வாகனக் கோப்பு என் மேசையில் இருந்தது. வண்டி, ஒரு டீசல் ஜீப். வழக்கமாக வாங்கும் ஆயிலைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாக ஒரு விலைப்புள்ளி வந்தது. டிரைவர் மாதிரி டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது பெட்ரோல் வண்டிக்குள்ளது. நம்ம வண்டிக்கு ஆகாது" என்றார். "ஆயில் ஆயில்தானப்பா" என்று சொல்லிவிட்டேன். குறைந்த விலைப்புள்ளியை ஏற்கலாம் என்று குறிப்பு எழுதினேன். அப்படியே ஒப்புதலாகி வந்தது.

ஆண்டு திரும்புவதற்குள் ஜீப் புகை தள்ளியது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங்குகள் கரியில் ஒட்டிக் கிடந்தன. பராமரிப்பில் கவனக்குறைவு என்று டிரைவரிடம் விளக்கம் கேட்டு, பழுதுச் செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மெமோவைத் தட்டச்சு செய்தவனும் நானே. என் குறிப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. 1930-களிலேயே அமெரிக்காவில் காட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் இதே ரிங் ஒட்டும் தொல்லை வந்திருக்கிறது. கரியைப் படிய விடாமல் கழுவும் மருந்தை ஆயிலில் சேர்த்து அதைத் தீர்த்திருக்கிறார்கள். 50 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன விவகாரத்துக்கு அந்த மனிதர் தண்டம் கட்டினார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவர் இப்போது இல்லை.

அதனால்தான் கடையில் அந்தப் பெரியவரிடம், "அண்ணாச்சி, வண்டியோட ஒரு புத்தகம் கொடுத்திருப்பாங்க. எந்த எண், எந்த எழுத்துன்னு அதுல இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்க" என்றேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். காரிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டாராம். நான்தான் வாசித்துச் சொன்னேன்.