சென்னையில் கொரியத் திரைப்படங்களும் தொடர்களும்

தென்கொரியப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டார வீடுகளில் தமிழ்த் தொடர்களுக்கு இணையாகப் பார்க்கப்படுகின்றன. கொரோனா ஊரடங்கில் வந்த பழக்கம் இது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. சென்னைக்குக் கொரியா முதலில் வந்தது காராக. பிறகு விழாப் படமாக. பிறகு மொழிமாற்றுத் தொடராக. கைப்பேசித் திரைக்கு வந்தது கடைசியில்தான்.

1994-இல் கொரிய அதிபர் கிம் யங்-சாமுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை, 'ஜுராசிக் பார்க்' என்ற ஒற்றைப் படத்தின் வருவாய் 15 லட்சம் ஹூண்டாய் கார்களின் ஏற்றுமதிக்குச் சமம் என்று கணக்குக் காட்டியது. கார் செய்வதில் பெருமை கொண்டிருந்த நாட்டுக்கு அது பெரிய அதிர்ச்சி. பண்பாட்டையும் ஒரு தொழிலாக அரசு பார்க்கத் தொடங்கியது. 1996-இல் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் படங்களுக்கான முன்தணிக்கையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா பிறந்தது. அதே ஆண்டில்தான் ஹூண்டாய் இந்திய நிறுவனம் பதிவாகி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலைக்கு வேலை தொடங்கியது. மெட்ராஸ் என்ற பெயர் சென்னை ஆனதும் அந்த ஆண்டே. கொரிய சினிமா தன் கட்டுகளை அவிழ்த்துக்கொண்ட நேரத்தில் கொரியர்கள் இந்த நகரத்துக்குக் குடும்பத்தோடு குடிவரத் தொடங்கினார்கள். 1998-இல் சான்ட்ரோ சாலைக்கு வந்தபோது அதன் பின்னால் ஒரு திரைப்பட மரபும் வந்துகொண்டிருக்கிறது என்று இங்கே யாரும் எண்ணியிருக்க முடியாது.

விழாக்களும் பர்மா பஜாரும்

முதல் பார்வையாளர்கள் சினிமா ஆர்வலர்கள். இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அதே டிசம்பரில் வருவது. உட்லண்ட்ஸ், தேவி, ராதாகிருஷ்ணன் சாலை சிட்டி சென்டரின் ஐநாக்ஸ், கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையம் எனப் பல அரங்குகளில் அது நடந்திருக்கிறது. விழாவில் தவறவிட்டதைத் தேடுகிறவர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் இருந்தது. அங்கே விற்றவை திருட்டுக் குறுந்தகடுகள். அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று தமிழில் படம் எடுக்கும் ஒரு தலைமுறைக்கு உலக சினிமா கையில் கிடைத்த வழி அதுவாக இருந்தது என்பதும் வரலாறு.

அந்தக் காலத்தில் இங்கே மிகப் பெரிதாகப் பேசப்பட்டவர் கிம் கி-டுக். பேச்சு குறைந்த அவருடைய படங்கள், குறிப்பாக 2003-இல் வந்த 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்', சிற்றிதழ்ப் பக்கங்களிலும் திரைப்படச் சங்கங்களிலும் ஓயாமல் அலசப்பட்டன. சொந்த நாட்டில் அவருக்கு அந்த அளவு ரசிகர்கள் இருந்ததில்லை. நடிகைகள் கூறிய புகார்களால் அவர் பெயர் பின்னாளில் கறைபட்டது. 2020 டிசம்பரில் லாட்வியாவில் கொரோனாவால் இறந்தார். அவரைக் கொண்டாடிய வேகத்தில் சென்னை ரசிகர்கள் இயக்குநர் லீ சாங்-டோங்கைச் சற்றே தவறவிட்டார்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மறதி நோய் தொடங்கும் வயதில் கவிதை எழுதக் கற்கப்போகும் ஒரு மூதாட்டியைப் பற்றிய அவருடைய 'பொயட்ரி' (2010) கான் விழாவில் திரைக்கதைக்கான விருது பெற்றது. கொரியப் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

இதே ஆண்டுகளில் தென்சென்னையில் ஒரு நிலையான இடமும் உருவானது. 2006-இல் தொடங்கப்பட்ட இன்கோ மையம், அதாவது இந்திய-கொரியப் பண்பாட்டு மற்றும் தகவல் மையம், ராஜா அண்ணாமலைபுரத்தில், மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே அமைந்தது. ரதி ஜாஃபர் அதன் இயக்குநராக இருந்தார். கொரிய மொழி வகுப்பு, ஓவியக் காட்சி, நாடகம், படக் காட்சி என்று அது ஓசையில்லாமல் செய்துவந்த வேலை பெரியது. பெண் இயக்குநர்களின் படங்களுக்கென்றே சாம்சங்குடன் சேர்ந்து ஒரு சர்வதேச விழாவையும் அது நடத்தியது. கொரியப் பெண் இயக்குநர் என்றதும் இங்கே நினைக்க வேண்டிய பெயர் லீ ஜியோங்-ஹியாங். அவருடைய 'தி வே ஹோம்' (2002) படத்தில் சியோலில் வளர்ந்த ஒரு பையன், வாய் பேச முடியாத பாட்டியிடம் மலைக் கிராமத்தில் விடப்படுகிறான். கென்டக்கி சிக்கன் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அவனுக்குப் பாட்டி ஒரு கோழியை வாங்கிவந்து முழுசாக வேகவைத்துத் தருகிறாள். பாட்டியாக நடித்த கிம் உல்-பூன் அதற்கு முன் நடித்தே அறியாத கிராமத்து மூதாட்டி. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம்.

தொலைக்காட்சியில்

இந்தியாவில் கொரிய அலை முதலில் அடித்தது மணிப்பூரில். 2000-இல் அங்கே ஒரு தீவிரவாத அமைப்பு இந்திப் படங்களுக்குத் தடை விதித்தபின், கொரியாவின் அரிராங் தொலைக்காட்சி அந்த வெற்றிடத்தை நிரப்பியது. தூர்தர்ஷனும் சில கொரியத் தொடர்களை இந்தியில் ஒளிபரப்பிப் பார்த்தது. தமிழில் அந்த முயற்சி 2013-இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சியால் வந்தது. 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' போன்ற தொடர்களை அது தமிழ்க் குரலில் தந்தபோது, கல்லூரி மாணவிகள் மாலை வேளைகளில் அந்த அலைவரிசையைத் தேடிப்போனார்கள். பணக்காரப் பள்ளி, ஏழைப் பெண், திமிர் பிடித்த வாரிசு என்ற அந்தக் கதையில் நம் சினிமாவுக்குப் புதிதாக எதுவும் இல்லை. புதிதாக இருந்தது அதன் நீளம். அந்தத் தொடர் ஒருநாள் முடிந்துபோனது.

சென்னையில் கொரியத் தொடர் ஊன்றியதற்கு முதல் காரணமாக இதையே சொல்லலாம். கொரியத் தொடர் பெரும்பாலும் 16 பகுதி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எத்தனை பகுதி என்பது பெரும்பாலும் தொடங்கும்போதே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இங்கேயும் அப்படி ஒரு காலம் இருந்தது. தூர்தர்ஷன் நாட்களில் வாரம் ஒருமுறை, 13 வாரம் என்ற அளவுக்குள் கதை சொல்லப்பட்டது. கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்' தொடரை இன்றும் நினைவுகூர்பவர்கள் மயிலாப்பூரில் உண்டு. பிறகு தனியார் அலைவரிசைகளின் நெடுந்தொடர்கள் வந்தன. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1500 பகுதிகளைத் தாண்டியது. நெடுந்தொடருக்கும் அதன் சுவை உண்டு. ஆனால் வில்லியின் சதி மாதக்கணக்கில் நீளும்போது கதை மாந்தர் வளர்வதற்கு இடமில்லாமல் போகிறது. கட்டுக்கோப்பான கதைக்கு ஏங்கிய பார்வையாளருக்கு, குறிப்பாக நடுவயதுப் பெண்களுக்கு, கொரியத் தொடர் பழைய அளவைத் திருப்பித் தந்தது. பெரியவர்களுக்கு முன்னால் குனிந்து வணங்குவதும், மாமியார் வீட்டுச் சங்கடங்களும், பரீட்சை மதிப்பெண்ணுக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் எழுத்துத் துணையே (சப்டைட்டில்) இல்லாமல் புரிந்தன.

இணையத் திரைக்கு

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' 2020 பிப்ரவரியில் நிறைவடைந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. வடகொரியாவில் தவறி இறங்கிவிடும் தென்கொரியத் தொழிலதிபர் ஒருத்தியின் காதல் கதையை, வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்கள் இரவு பகலாகப் பார்த்தார்கள். 2020-இல் இந்தியாவில் கொரியத் தொடர்களின் பார்வை, முந்தைய ஆண்டைவிட 370 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. 2021 செப்டம்பரில் வந்த 'ஸ்க்விட் கேம்' ஆண்களையும் பையன்களையும் இழுத்துவந்தது. இந்தியரான அனுபம் திரிபாதி அதில் அலி என்ற புலம்பெயர்ந்த தொழிலாளியாக நடித்தார். ஆங்கில எழுத்துத் துணையை விரட்டிப் படிக்க முடியாதவர்களுக்குத் தமிழ்க் குரல் பதிவுகளும், ஒரு முழுப் படத்தின் கதையைப் பத்து இருபது நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடும் யூடியூப் காணொளிகளும் வந்தன. அந்தக் கதைச் சுருக்கங்கள் படத்தைக் கொன்றுவிடுகின்றன. ஆனாலும் கொரியப் படத்தின் பெயரைத் தெருமுனை டீக்கடை வரை கொண்டுபோனவை அவைதான்.

இதற்கிடையே 'பாரசைட்' வந்துபோனது. போங் ஜூன்-ஹோவின் இந்தப் படம் 2019-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதையும், 2020 பிப்ரவரியில் சிறந்த படம் உள்பட 4 ஆஸ்கர்களையும் வென்றது. உடனே தமிழ்நாட்டில், கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில் விஜய் நடித்த 'மின்சார கண்ணா' (1999) கதையின் நகல் இது என்ற பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பி.எல். தேனப்பன் வழக்குத் தொடரப்போவதாகவும் கூறினார். ஒரே குடும்பத்தார் உறவை மறைத்துப் பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்வது மட்டுமே இரண்டிலும் பொது. ஒன்று காதலுக்காகப் போடும் வேடம், மற்றது பிழைப்புக்காக. 'பாரசைட்' படத்தைச் சென்னைவாசி பார்க்க வேண்டிய காரணம் வேறு. படத்தில் ஒரே இரவு மழை மேட்டு வீட்டாருக்கு மறுநாள் காலைத் தெளிவான வானத்தைத் தருகிறது. பள்ளத்தில் உள்ள வீட்டைச் சாக்கடை நீரில் மூழ்கடிக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் பெருகியபோது சைதாப்பேட்டைக் கரையில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதைப் பார்க்கலாம்

எந்தத் தளத்தில் எது கிடைக்கும் என்பது உரிமம் மாற மாற மாறும். ஆகவே பெயர்களை நினைவில் வைப்பதே பயன்.

இயக்குநர் ஒருவரைப் பின்தொடர விரும்புவோருக்குக் கிம் வோன்-சோக் நல்ல வழி. 'மிசேங்' (2014) ஒரு வணிக நிறுவனத்தில் தற்காலிக ஊழியனாகச் சேரும் இளைஞனின் கதை. காதல் ஏறக்குறைய இல்லை. கோப்பு, அதிகாரி, அவமானம், ஒரு நல்ல மேலாளர், அவ்வளவே. 'மை மிஸ்டர்' (2018) நாற்பதைக் கடந்த ஒரு பொறியாளருக்கும் கடனில் மூழ்கிய ஒரு பெண்ணுக்கும் இடையே வளரும் பரிவைச் சொல்கிறது. அதைக் காதல் என்று சுருக்கிவிடாத கண்ணியத்தில் அதன் உயரம் இருக்கிறது. லீ சன்-கியூன், ஐயூ இருவரின் நடிப்பும் மறக்க முடியாதது. லீ சன்-கியூன் 2023 டிசம்பரில் இறந்தது இத்தொடரை நேசித்தவர்களுக்குத் தனிப்பட்ட இழப்பு. 2025 மார்ச்சில் வெளிவந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' ஜேஜு தீவில் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுக்கும் தாயையும், கவிஞராக ஆசைப்படும் மகளையும், அந்த மகளின் மகளையும் பின்தொடர்கிறது. படிப்பைப் பாதியில் விட்ட தாய்மார்கள் நிறைந்த நம் வீடுகளில் இதை அழாமல் பார்த்து முடிப்பது கடினம்.

'ரிப்ளை 1988' (2015-16) தனியே சொல்லப்பட வேண்டியது. சியோலின் சாங்முன்-டோங் சந்தில் ஐந்து நண்பர்கள். ஒலிம்பிக் நடந்த ஆண்டு. முதல் பகுதியிலேயே ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்கும் அந்த வீட்டுக் கூட்டு இந்த வீட்டுக்குமாகப் பிள்ளைகள் கையில் பயணம் செய்கிறது. அடுக்ககங்கள் வருவதற்கு முந்தைய மயிலாப்பூர் மாடவீதிச் சந்துகளைப் போலவே இருக்கிறது அந்தச் சந்து.

12 பகுதிகள் கொண்ட 'நவில்லேரா' (2021) அடையாற்றுக்காரர்களுக்கு நெருக்கமானது. ஓய்வு பெற்ற 70 வயது தபால்காரர் பாலே கற்றுக்கொள்ளக் கிளம்புகிறார். மனைவி மக்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியே முதலில் கற்றது பாலேதான். அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி சொல்லிக்கொடுத்தார். பரதம் பயின்று மேடையேறியபோது ருக்மிணி தேவிக்கு முப்பது கடந்திருந்தது. வயதைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்ட எவருக்கும் இத்தொடரைப் பரிந்துரைக்கலாம்.

குறைகளும் உண்டு. பல காதல் தொடர்களில் வாரிசுச் செல்வந்தன் தேவனாகவே வருகிறான். காட்சிக்கு நடுவே கைப்பேசியும் காபியும் விளம்பரமாகின்றன. தொழிலாளர் வாழ்க்கை அரிது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் அறிந்த கொரியா அந்தக் காதல் தொடர்களில் இல்லை. 'மிசேங்' அதை ஓரளவு தொடுகிறது.

கொரியக் கதை உரிமம் பெற்றுத் தமிழுக்கு வந்ததற்கு எடுத்துக்காட்டு, மிலிந்த் ராவ் இயக்கத்தில் நயன்தாரா நடித்து 2021 ஆகஸ்டில் ஹாட்ஸ்டாரில் வெளியான 'நெற்றிக்கண்'. அதன் மூலம் 2011-இல் வந்த 'பிளைண்ட்'. எதிர்த் திசையிலும் இப்போது போக்குவரத்து தொடங்கியிருக்கிறது. தமிழில் கமல்ஹாசன் நடிக்க 'பாபநாசம்' (2015) ஆன மலையாள 'திரிஷ்யம்', கொரிய மொழியில் எடுக்கப்படும் என்று 2023 மே மாதம் கான் விழாவில் அறிவிக்கப்பட்டது. ரா. கார்த்திக் இயக்கத்தில் பிரியங்கா மோகனும் கொரிய நடிகை பார்க் ஹே-ஜின்னும் நடிக்கும் 'மேட் இன் கொரியா' என்ற தமிழ்ப் படத்தை 2025-இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து கொரியா போகும் ஒரு பெண்ணின் கதை அது.