சிறு கண் திருக்கை

திருக்கை மீன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: பூண்டு போட்ட குழம்பு, கதைகளில் வரும் ஜமீன்தாரின் கையிலுள்ள திருக்கை வால் சவுக்கு. அந்த மீனுக்கு ஒரு சரித்திரமும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

1908-ஆம் ஆண்டில் கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் பொறுப்பில் இருந்தவர் நெல்சன் ஆனண்டேல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சிட்டகாங்குக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் அகப்பட்ட பிரம்மாண்டமான திருக்கை ஒன்றை ஆராய்ந்து, "இது புதிய இனம்" என்று அவர் முடிவு கட்டினார். உடலோ பாயை விரித்தாற்போல் அகலம். கண்களோ மிகச் சிறியவை. ஆகவே 'சிறு கண்' என்று பொருள்படும் 'மைக்ரோப்ஸ்' என்ற கிரேக்கப் பெயரைச் சூட்டினார். பிறகு கிழக்கே இந்தோனேசியா, வட ஆஸ்திரேலியா வரையில் எப்போதாவது ஒன்று கிடைத்தது. அதன் எல்லை அவ்வளவுதான் என்று ஏடுகளில் ஏறிவிட்டது.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2008-இல், ஆப்பிரிக்காவிலிருந்து செய்தி வந்தது. மொஸாம்பிக் நாட்டின் இன்ஹம்பானே கரையோரத்தில் இதே மீன் இருப்பதாக சைமன் பியர்ஸ், வில்லியம் வைட், ஆண்ட்ரியா மார்ஷல் என்னும் மூவர் எழுதினார்கள். முதுகிலுள்ள வெண்புள்ளிகளும், அடியில் அகன்று தட்டையான வாலும் அதைக் காட்டிக் கொடுத்தன. சிட்டகாங்கிலிருந்து அந்தக் கரை சுமார் 8,000 கிலோமீட்டர்!

மீன் நேற்று மூட்டை கட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குக் குடிபோயிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தன் பாட்டுக்கு அங்கே வாழ்ந்து வந்திருக்கும். மனிதனின் பார்வைதான் அங்கே போய்ச் சேரத் தாமதமாயிற்று. இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் உள்ள பிராணியே நம் கண்ணுக்குத் தப்புமானால், சிறு கண் யாருக்கு என்று நேயர்களே சொல்லட்டும்.

2016-இல் அறிஞர்கள் இதைத் தனிக் குலமாகப் பிரித்து 'மெகாட்ரைகான்', அதாவது 'பெருந்திருக்கை', என்று பெயரிட்டார்கள். பெயர் பெரிதாயிற்று; நம் கவலையும் பெரிதாக வேண்டும். திருக்கைகள் மற்ற மீன்களைப் போல லட்சக் கணக்கில் முட்டையிடுவதில்லை; ஒரு சில குட்டிகளையே ஈனும். வலையில் போனது திரும்ப நிரம்ப வெகுகாலம் ஆகும். ஏடுகள் 'இங்கே கிடையாது' என்று சொல்லும் கடலில் ஒரு மீன் அற்றுப் போனால், எந்தக் கணக்கிலும் நஷ்டம் எழுதப்படுவதில்லை. மொஸாம்பிக் திருக்கை அதற்கு முன்பே கணக்கில் ஏறியது. மற்றக் கரைகளில் ஏறாமல் இருப்பவற்றையும் தேடிப் பார்ப்பது நம் கடமை.