இடம் பெயர்ந்த இடைச்சொற்கள்: ஆங்கிலக் கூட்டுவினைகளின் சரித்திரம்

ஆங்கிலம் கற்கப் புகுந்த நம்மவர்களை அப்பாஷையின் நீண்ட லத்தீன் சொற்கள் மிரட்டுவதைக் காட்டிலும், 'கிவ்', 'டேக்', 'புட்', 'கெட்' போன்ற சின்னஞ்சிறு வினைகள் 'அப்', 'ஆஃப்', 'இன்', 'அவுட்' முதலிய இடைச்சொற்களோடு கூடி எடுக்கும் அவதாரங்களே அதிகம் மிரட்டுகின்றன. இக்கூட்டுவினைகள் பேச்சுவழக்கில் பிற்காலத்தில் முளைத்த கொச்சைப் பிரயோகங்கள் என்று கருதி, எழுத்தில் அவற்றை அறவே விலக்கும்படி மாணாக்கருக்கு உபதேசிக்கும் ஆசிரியர்களும் உண்டு. பாஷையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த அபிப்பிராயத்துக்கு யாதொரு ஆதாரமும் கிடைப்பதில்லை. இவை ஆங்கிலத்தின் பிதுரார்ஜிதச் சொத்து; காலக்கிரமத்தில் பெரிதும் மாறியது, வினையை ஒட்டி இடைச்சொல் நிற்கும் ஸ்தானமே.

நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இவ்வுறுப்புக்கள் இருவகைப்பட்டிருந்தன. 'பெ', 'ஃபோர்', 'தோ', 'யெ' போன்றவை வினையின் முன்னே ஒட்டி, ஒருபோதும் பிரியாதவை. 'ஊட்', 'உப்', 'இன்' போன்றவை ஒட்டியும் நிற்கும், பிரிந்தும் நிற்கும். வெளியே செல்லுதலைக் குறிக்கும் 'ஊட்கான்' என்னும் வினை, சார்புவாக்கியத்தின் இறுதியில் வருகையில் 'ஊட்' முன்னும் 'கான்' பின்னுமாக அமையும். முதன்மை வாக்கியத்திலோ வினை வாக்கியத்தின் இரண்டாம் ஸ்தானத்துக்கு ஏறிவிட, இடைச்சொல் மட்டும் பின்தங்கிவிடும். உடன்பிறந்த பாஷையாகிய ஜெர்மன் இந்த ஏற்பாட்டை இன்றளவும் காப்பாற்றி வருகிறது.

சம்ஸ்கிருத பரிச்சயமுள்ளவர்களுக்கு இவ்விடத்தில் உபசர்க்கங்கள் நினைவுக்கு வராமற் போகா. ஒரே 'ஹ்ரு' தாதுவினின்றே ஆகாரமும் சங்காரமும் விஹாரமும் பிறப்பதற்குக் காரணமான அவ்வுபசர்க்கங்கள், வேதபாஷையில் வினையை விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் சுதந்திரம் பெற்றிருந்தன. பின்னர்க் காவியபாஷையில் அச்சுதந்திரத்தை இழந்து தாதுவின் முன்னே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. ஆங்கிலமோ நேர் எதிர்த்திசையிற் சென்றது. ஒட்டியிருந்தவை அங்கே நலிந்தன. பிரிய வல்லவை வினையின் பின்னே போய்த் தழைத்தன.

இதற்குக் காரணங்கள் பல. அழுத்தம் பெறாத ஒட்டுக்கள் உச்சரிப்பில் தேய்ந்தன. 'யெ' என்பது வெறும் இகரமாகக் குறுகிப் பின் மறைந்தது. தூள் தூளாக உடைத்தலைக் குறித்த 'தோபிரெகன்' வழக்கொழிந்து, அதன் வேலையை 'பிரேக் அப்' ஏற்றது. இரண்டாவதாக, வினை முன்னும் செயப்படுபொருள் பின்னுமாக வாக்கியத்தின் அமைப்பே நிலைபெற்றபோது, முதன்மை வாக்கியத்தில் பின்தங்கிய இடைச்சொல் எல்லா வாக்கியங்களிலும் பின்னேயே நின்றுவிட்டது. மூன்றாவது காரணம் ஸ்காண்டிநேவியர். 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய டேனியரின் பாஷை, தன் பழைய முன்னொட்டுக்களை அநேகமாக முன்னமே உதிர்த்துவிட்டு, இடைச்சொல்லை வினையின் பின்னே வைத்து வழங்கியது. 'டேக்', 'கெட்', 'கால்', 'காஸ்ட்' என இன்று கூட்டுவினைகளில் ஓயாது உழைக்கும் வினைகளே அவர்கள் கொண்டு வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் மாறுதல் முழுவதையும் அவர்கள் கணக்கில் எழுதுவது மிகையாகும். சுதேச பாஷையிலேயே விதை இருந்தது. அவர்கள் அதை விரைந்து முளைக்கச் செய்தார்கள் என்பதே பொருத்தம்.

டேனியர் குடியேறிய அந்நாட்டுப் பகுதியில் இருந்ததுதான் பீட்டர்பரோ மடம். அம்மடத்துத் துறவிகள் 1154 வரை தொடர்ந்து எழுதிவைத்த ஆண்டுக்குறிப்பில், ஸ்டீபன் மன்னன் ஸால்ஸ்பரி பிஷப் ரோஜரையும் அவருடைய உறவினரையும் சிறையிலிட்டு, அவர்கள் தம் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை விடாதிருந்த செய்தி 1137-ஆம் ஆண்டின் கீழ் வருகிறது. 'ஒப்படைத்தல்' என்பதற்கு அத்துறவி எழுதியது 'கிவ் அப்' என்பதன் அக்கால வடிவத்தையே. வினை முன்னே, 'அப்' பின்னே, அதையடுத்துக் கோட்டைகள். இன்றைய பள்ளிப் பிள்ளை எழுதும் அதே வரிசை. 1611-இல் வெளியான வேதாகம மொழிபெயர்ப்பில் இக்கூட்டுவினை உயிர்விடுதலுக்கு ஆகிறது. நம் காலத்திலோ ஒருவர் புகைபிடிப்பதை விடுவதற்கும் அதுவே போதும். மேல்நோக்குதல் என்னும் 'அப்'பின் ஆதி அர்த்தம் இவற்றில் எங்கும் இல்லை. செயல் முற்றுப்பெற்றது, மிச்சமில்லை என்னும் குறிப்பே எஞ்சி நிற்கிறது. 'சாப்பிட்டுவிட்டான்' என்பதில் நம் துணைவினையாகிய 'விடு' செய்யும் காரியமும் ஏறக்குறைய இதுவே.

'அப்' எங்கே கூட்டுவினையின் அங்கம், எங்கே பெயரைச் சார்ந்த வெறும் முன்னிடைச்சொல் என்று பிரித்தறிவது இலக்கணிகளுக்கு நெடுநாளைய சங்கடம். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மேல் ஓடுதல். 'ரன் அப் எ பில்' என்றால் கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போதல். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கடனைக் குறிக்கும் 'பில்' என்பதை வினைக்கும் 'அப்' என்பதற்கும் நடுவே தூக்கி வைக்கலாம். குன்றை அவ்வாறு நகர்த்தினால் வாக்கியம் சிதைந்துவிடும். அன்றியும், செயப்படுபொருள் பிரதிப்பெயராயின் அது நடுவில் நின்றே தீரவேண்டும்: 'லுக் இட் அப்' என்பார்களேயன்றி 'லுக் அப் இட்' என்று ஆங்கிலேயக் குழந்தைகூடச் சொல்லாது.

இலக்கணச் சட்டம் பேசியவர்கள் இவற்றை மதித்தார்களில்லை. 1668-இல் வெளியிட்ட நாடகக் கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்த டிரைடன், வாக்கிய ஈற்றில் நின்ற முன்னிடைச்சொற்களைத் தேடிப் பிடித்து இடம் மாற்றினார்; லத்தீன் சம்பிரதாயத்தில் அவருக்கு இருந்த மோகம் அப்படி. பிற்காலத்துப் பண்டிதர்களின் கண்டனத்தில், வாக்கிய ஈற்றில் நின்ற ஒரே குற்றத்துக்காகக் கூட்டுவினையின் இடைச்சொற்களும் அடிபட்டன. டாக்டர் ஜான்ஸன் மாத்திரம், தம் 1755-ஆம் ஆண்டு அகராதியின் முகவுரையில், அந்நியர்களுக்குப் பெருந்தொல்லை தருவது இச்சேர்க்கையே என்று உணர்ந்து, இவற்றைச் சிரத்தையுடன் தொகுத்ததாகக் கூறுகிறார். 1920-இல் கென்னடி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 16 இடைச்சொற்களை எடுத்துக்கொண்டு இவ்வினைகளை ஆராய்ந்தார். இன்று வழங்கும் 'ஃபிரேஸல் வெர்ப்' என்னும் பெயரை 1925-இல் லோகன் பியர்ஸல் ஸ்மித் தம் நூலில் பரப்பினார். 1930-இல் ஆக்டன் 850 சொற்களைக் கொண்டு 'பேஸிக் இங்கிலீஷ்' வகுத்தபோது, வினைகள் பதினெட்டே போதும் என்று சொல்ல முடிந்ததற்கும் இச்சேர்க்கைகளே காரணம். சொற்கணக்கில் அவை ஏறவில்லை. கற்பவனுடைய நெட்டுருவில் ஏறின.

முன்னே நின்ற பழைய வரிசை அடியோடு அழிந்துவிடவும் இல்லை. 'இன்கம்', 'அவுட்பிரேக்', 'அப்பிரிங்கிங்' எனப் பெயர்ச்சொற்களில் அது உயிரோடிருக்கிறது. அவற்றின் பக்கத்திலேயே 'பிரேக்டவுன்', 'டேக்-ஆஃப்' எனப் புதிய வரிசைப் பெயர்களும் பெருகுகின்றன. 'அவுட்லுக்' வேறு, 'லுக்-அவுட்' வேறு. இவ்வகையில் விசித்திரமானது 'அப்செட்'. கவிழ்த்தலையும் மனக்கலக்கத்தையும் இன்று குறிக்கும் இச்சொல், 15-ஆம் நூற்றாண்டில் 'செட் அப்' போலவே நிறுத்துதலைக் குறித்தது. நம் நாட்டுக் கோர்ட் ஏல அறிவிப்புக்களில், சொத்துக்கு இத்தொகைக்குக் குறைந்து கேள்வி ஏற்கப்படாது என்று நிர்ணயிக்கும் 'அப்செட் பிரைஸ்' அந்தப் பழைய அர்த்தத்தின் வழிவந்ததே.