கூட்டிசையிலிருந்து ஒற்றைக் கிட்டாருக்கு: ஈப்போவில் பிறந்த பால் பொன்னுதுரையை முன்வைத்து

குழுவோடு பழகிய ராக் கலைஞர் வாத்தியங்களைக் குறைத்துக்கொண்டு தனித்துப் பாடுவதை அவரது அழகியல் தேர்வாகவே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். ஈப்போவில் 1961-இல் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த கிட்டார் கலைஞர் பால் பொன்னுதுரையை வைத்துப் பார்க்கும்போது இதில் தொழில் சார்ந்த வரலாறும் இருப்பது தெரிகிறது. நாலு பேர் வேலை ஒருவர் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு அது.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் இசை கூட்டத்தோடு பிறந்தது. தப்பையும் உறுமியையும் வாசித்தவர்கள் ஒரே லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஆள் சேர்க்க அலைய வேண்டியதில்லை. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், அதாவது தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்பது, இந்த அண்டை வாழ்வை ஆட்டங்காண வைத்தது. அதை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. இளையவர்கள் பட்டணம் போனார்கள்.

பட்டணத்தில் வேறொரு கூட்டு உருவாகியிருந்தது. 1961-இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துச் சென்றார்கள். அந்தப் பத்தாண்டில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் 'குகிரான்' என்ற கிட்டார் குழுக்கள் பெருகின. முன்னணிக் கிட்டார், தாளக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று வேலை பிரிந்தது. இந்தக் குழுக்களுக்கும் ஊர் வேண்டும்; ஈப்போவோ ஈயத்தை நம்பிய ஊர். 1985 அக்டோபர் 24-ஆம் நாள், ஈய விலையைத் தாங்கிப் பிடித்த அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கியது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, ஈப்போவிலிருந்து வேலை தேடி வெளியேறியவர்கள் பலர். தனிக்கலைஞர்கள் உருவானதற்கு இதை நேரடிக் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழு நிலைத்திருக்க ஊரும் நிலைத்திருக்க வேண்டும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

இதே காலத்தில் கருவிகளும் மாறின. 1979-இல் டியாக் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டாஸ்டூடியோ 144', சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிவுசெய்தது. 1982 ஜனவரியில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தன் வாடகை வீட்டில் அதை வைத்துக்கொண்டு, ஒரு கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகப் பாடிப் பார்த்தார். குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு அது. ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்தபோது பாடல்களின் தனிமை கலைந்துபோயிற்று. உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் கிடந்த அந்தக் கேசட்டே செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' இசைத்தொகுப்பாக வந்தது.

பொன்னுதுரை ஒற்றைக் கிட்டாரைக் கையாண்டதோ வீட்டுத் தனிமையில் அல்ல, இரவு மதுக்கூடங்களில். குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் கூட்டத்தின் நடுவே, எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாடலை எடுத்து அடையாளமே மாறும்படி பாடுவார். இன்டர்நேஷனல் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழில் எழுதிவந்த பிராட் ஸ்பர்ஜன் அவரைத் தேடிச்சென்று எழுதியதற்கு இந்த மறுஆக்கத் திறமைதான் காரணம். தனிக் கிட்டாரில் கட்டைவிரல் கீழ்ச்சுரத் தந்திகளை மீட்டி பேஸ் வேலையைப் பார்க்க வேண்டும். மற்ற விரல்கள் மெட்டுக்குப் போக, உள்ளங்கை தந்தியை அமுக்கியோ மரத்தைத் தட்டியோ டிரம்ஸின் இடத்தை நிரப்பும். குரல் சற்று நேரம் ஓய்ந்தாலும் தாளம் விடக்கூடாது. குழுவில் ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்குவார். இங்கே தாங்க ஆளில்லை. இந்த வாசிப்பை எளிமை என்று பாராட்டுவது அதன் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும்.

ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் பின்னால் பெரிய நிறுவனமும் காத்திருக்கும் குழுவும் இருந்தன; விரும்பியபோது திரும்பிப் போகலாம், போனார். பொன்னுதுரைக்குத் தனிவாசிப்பே அன்றாடப் பிழைப்பு. 2012 ஜூலையில் அவர் மறைந்தார். ஸ்டூடியோ இசைத்தொகுப்புகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வுமுறை இத்தகைய கலைஞரைத் தவறவிட்டுவிடும். கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் தட்டுச் சத்தமும் பேச்சுமாக எடுத்துவைத்த காணொளிகளும் மலேசியத் தமிழர் இசைவரலாற்றின் ஆவணங்களாக இடம்பெற வேண்டும்.