ஸ்டைரீன் வகை ஒற்றைப்படிகளின் ஆக்சிஜனேற்றப் பலபடியாக்கல்

ஸ்டைரீனும் அதன் வழிச்சேர்மங்களும் ஆக்சிஜனுடன் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக்கொண்டு பாலிபெராக்சைடு சங்கிலிகளாக வளர்வது ஆக்சிஜனேற்றப் பலபடியாக்கல் எனப்படும். காற்றில்லாத கலனில் ஸ்டைரீன் பாலிஸ்டைரீனாக மாறும். தெர்மாகோல் அதன் நுரை வடிவம். காற்று நுழைந்தால் விளைபொருளும் வினைவேகமும் மாறிவிடுகின்றன.

1920களில் ஹெர்மன் ஸ்டாடிங்கர், டைபீனைல்எத்திலீன் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடு பலபடியாவதைக் கண்டார். ஆனாலும் பலபடியாக்கலைக் கெடுக்கும் இடையூறாகவே ஆக்சிஜன் நெடுங்காலம் கருதப்பட்டது. 1947இல் போவியும் கோல்தாஃபும் ஸ்டைரீனும் ஆக்சிஜனும் 1:1 விகிதத்தில் சேர்ந்த சகபலபடி உருவாவதைக் காட்டினர். அதன்பின் ஆக்சிஜனைச் சங்கிலியில் இடம்பெறும் உறுப்பாகவே பார்க்க வேண்டியதாயிற்று.

வினை இரண்டு அடிகளில் நடக்கிறது. கார்பன் முனையுள்ள தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துண்டு) ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சி தனி உறுப்பாகிறது. அது அடுத்த ஸ்டைரீனோடு இணைந்து மீண்டும் கார்பன் முனையாகிறது. முதல் அடியின் வேக மாறிலி, மோல்-லிட்டர்-வினாடி அலகுகளில், ஏறத்தாழ நூறு கோடி. இரண்டாவதன் மாறிலி சில பத்துகள் மட்டுமே. கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தும் கார்பன் முனையைப் பிடிக்கும் போட்டியில் அதுவே வெல்வதற்கும், காற்றுபட்ட ஸ்டைரீன் இறுகாமல் நீர்மமாகவே நிற்பதற்கும் இந்த வேறுபாடே காரணம். மெதுவான அடியே மொத்த வேகத்தையும் தீர்மானிப்பதால், போதிய ஆக்சிஜன் உள்ளபோது அதன் அழுத்தத்தைக் கூட்டினாலும் வேகம் கூடுவதில்லை. ஸ்டைரீன் செறிவுக்கு நேர்விகிதத்தில் வேகம் உயரும். வினையைத் தொடங்கிவைக்கும் துவக்கியின் செறிவைப் பொறுத்தவரை அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில்தான் உயரும். சங்கிலி முடிய இரண்டு பெராக்சி முனைகள் ஒன்றையொன்று சந்தித்து அழிய வேண்டும் என்பதன் அடையாளம் இந்த வர்க்கமூலம்.

ஆக்சிஜன் குறைந்தால் நிலைமை வேறு. 1950களில் ஃபிராங்க் மேயோ இதை விரிவாக ஆராய்ந்தார். ஆக்சிஜனுக்காகக் காத்திருக்கும் கார்பன் முனை, வந்த வழியே அவிழ்ந்து பென்சால்டிஹைடையும் ஃபார்மால்டிஹைடையும் உதிர்க்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இந்தியாவில் இத்துறைக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமே தாய்வீடு. திண்ம ஏவூர்தி எரிபொருளில் பாலிஸ்டைரீன் எரியும் விதத்தை ஆராய்ந்த கௌஷல் கிஷோரின் குழு, அதன் வழியாகப் பெராக்சைடு பலபடிகளுக்கு வந்து சேர்ந்தது. பாலிஸ்டைரீன் பெராக்சைடு தானே எரியவல்ல எரிபொருள் என்று அவரும் முகுந்தனும் 1986இல் நேச்சர் இதழில் அறிவித்தனர். அதன் வெப்பச் சிதைவு ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு முறிவதில் தொடங்கி, வெளிவிடும் வெப்பத்தாலேயே தொடர்கிறது. பின்னர் பிரியதர்சி தே, டி. என். சத்தியநாராயணா ஆகியோர் ஆல்ஃபா-மெத்தில்ஸ்டைரீன் முதலியவற்றின் பெராக்சைடுகளையும் சகபலபடிகளையும் ஆராய்ந்தனர். தனியே தனி உறுப்பு வழியில் எளிதில் நீளாத ஆல்ஃபா-மெத்தில்ஸ்டைரீன், ஆக்சிஜனோடு தயக்கமின்றிக் கோத்துக்கொள்கிறது. சிதைந்தால் அசிட்டோஃபீனோனும் ஃபார்மால்டிஹைடும் தருகிறது. பெராக்சி முனை எலக்ட்ரானை நாடுவது. ஆகவே எலக்ட்ரான் வழங்கும் தொகுதிகள் ஒற்றைப்படியின் வினைத்திறனைக் கூட்டுகின்றன. வேகவியல் அளவீடுகள் மூலக்கூறு அமைப்பைப் பற்றிப் பேசும் இந்த இடமே துறையின் சிறந்த பகுதி.

தொழிற்சாலைகளுக்கும் இந்த வேகவியல் அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. விற்பனைக்கு வரும் ஸ்டைரீனில் தடுப்பானாக மூவிணைய-பியூட்டைல் கேட்டகால் பத்து இலட்சத்தில் 10 முதல் 15 பங்கு வரை சேர்க்கப்படுகிறது. அது பெராக்சி முனைகளைப் பிடித்தே சங்கிலியை நிறுத்துவதால், கரைந்த ஆக்சிஜன் சிறிதேனும் இல்லாவிட்டால் வேலை செய்யாது. இதனால் தடுப்பான் கலந்த ஸ்டைரீன் குளிர்ந்த இடத்தில், ஆக்சிஜன் முழுவதும் நீக்கப்படாமல் சேமிக்கப்படுகிறது.