செம்பனை ஓடும் நிபந்தனை நிகழ்தகவும்: வடசிலாங்கூர் மாணவரும் இலவசப் பல்கலைக்கழகப் பாடங்களும்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழகப் பாடங்கள் என்றதும் இணைய வசதி, ஆங்கிலம் என்ற இரண்டு தடைகளே முதலில் சொல்லப்படுகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி, அதன்பின் ஆங்கில விரிவுரை என்று செல்லும் மாணவருக்கு மொழிச்சுமை குறைவன்று. ஆனால் நிகழ்தகவும் புள்ளியியலும் கற்பவருக்கு அதைவிடப் பெரிய தடை, கணக்குக்கும் தாம் அறிந்த உலகுக்கும் இடையே உள்ள தொலைவு. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் அந்தத் தொலைவைக் குறைக்க வழியிருக்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமரம் தோட்டத்தில், 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதல். அக்காலத்தில் நடப்பட்டது தடித்த ஓடுள்ள டூரா. ஓட்டின் தடிப்பை ஒரே மரபணு ஆள்கிறது என்று 1941இல் பெல்ஜியக் காங்கோவில் பெயர்னார்ட், வான்டர்வேயன் இருவரும் காட்டினர். டூராவோடு ஓடில்லாத பிசிபெராவைக் கலந்தால் கன்றுகள் எல்லாம் மெல்லோட்டு டெனெரா. டெனெராவோடு டெனெரா சேர்ந்தால் காற்பங்கு டூரா, அரைப்பங்கு டெனெரா, காற்பங்கு பிசிபெரா. பிசிபெராவில் குலை பெரும்பாலும் முற்றாமலே அழுகிவிடும்.

டெனெரா மரத்தடியில் பொறுக்கிய உதிரிப்பழத்தில் முளைத்த கன்று வளர்ந்து ஒழுங்காகக் காய்க்கிறது என்று கொள்வோம். அது டெனெராவாக இருக்கும் வாய்ப்பு அரை அன்று, மூன்றில் இரண்டு. காய்க்கிறது என்ற செய்தியே பிசிபெராவை விலக்கிவிட்டது. நிபந்தனை நிகழ்தகவு என்பது இவ்வளவுதான். எம்.ஐ.டி.யில் ஜான் சிட்சிக்லிஸ் நடத்தும் பாடம் தொடக்க விரிவுரைகளிலேயே இதை எடுத்துக்கொள்கிறது. ஹார்வர்டில் ஜோ பிளிட்ஸ்டைன் நடத்திய 34 விரிவுரைகளில் ஒவ்வொரு பரவலுக்கும் அதைப் பிறப்பித்த ஒரு கதை உண்டு. அந்தக் கதைகளின் இடத்தில் குலையையும் ஓட்டையும் வைப்பது மாணவரின் வேலை. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துரையும் இருப்பதால் மொழிச்சுமை ஓரளவு இறங்கும்.

விரிவுரையைப் பார்ப்பதை மட்டும் படிப்பு என்று கொள்வதை நான் ஏற்கவில்லை. இப்பாடங்களின் உண்மையான கொடை விடையோடு வரும் பயிற்சித் தாள்கள். அவற்றைக் கையால் போட்டுப் பார்க்காதவருக்குக் காணொளி பயன் தராது. எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், தொகையிடல் ஆகியவற்றைக் கற்றவர் தொடங்குவதற்கு அதுவே போதும்.

தோட்டத்துப் பயிற்சி ஒன்று. சிறுதோட்டக்காரர் ஒருவர் டூரா, பிசிபெரா கலப்புக் கன்று என்று நம்பி வாங்குகிறார். காய்க்கத் தொடங்கிய நான்கு மரங்களின் பழத்தை வெட்டிப் பார்க்கிறார். நான்கிலும் மெல்லிய ஓடு. நிம்மதி அடையலாமா? கன்றுகள் உதிரிப்பழத்து முளைகளாகவே இருந்தாலும் இப்படி அமைய 81இல் 16 பங்கு, ஏறக்குறைய 20 விழுக்காடு வாய்ப்புண்டு. பன்னிரண்டு மரங்களிலும் மெல்லிய ஓடே என்றால் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மாதிரியின் அளவு ஏன் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டைப் பாடநூல்களில் நான் கண்டதில்லை.

கணக்கு இத்துடன் முடியவில்லை. விற்றவர்மேல் வாங்கியவருக்கு முன்பே இருந்த நம்பிக்கையும் இதில் சேர வேண்டும். பாதிக்குப் பாதி நம்பியவருக்கு அந்த நான்கு மெல்லோட்டுப் பழங்கள் 84 விழுக்காடு உறுதி தருகின்றன. பத்தில் ஒரு பங்கே நம்பியவருக்கு 36தான். எம்.ஐ.டி.யின் 18.05 என்ற பாடத்தில் ஓர்லாஃபும் புளூமும் பேய்சிய முறைக்கு நிறைய இடம் ஒதுக்கியிருப்பது இதனால்தான். பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒரு படிப்பு வட்டம் கூடுமானால், முதல் மாலைகளை அந்த 84க்கும் 36க்கும் நடுவே உள்ள இடைவெளியை விவாதிக்கவே ஒதுக்கலாம்.